மருந்துக் கிடங்கிலும் குளிர்சங்கிலியிலும் கார்பன் உமிழ்வைக் குறைத்தல்: மொத்த விநியோகஸ்தர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்துக்கோ அக்கம்பக்கத்து இரண்டு மூன்று மாவட்டங்களுக்கோ மருந்து அனுப்பும் மொத்த விநியோகஸ்தர்களை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. குளிர்சங்கிலி என்பது, மருந்து உரிய குளிர் மாறாமல் கைமாறிப் போவதற்கான தொடர் ஏற்பாடு. ஒரு குளிர் அறை, ஐஸ் பேக் உறைய வைக்க ஓரிரண்டு ஃப்ரீசர்கள், ஒரு டீசல் ஜெனரேட்டர், இரண்டு மூன்று வண்டிகள் என்ற அளவிலான கிடங்குக்கு இதை அப்படியே பின்பற்றலாம். பெரிய கிடங்குகளில் எண்கள் மாறும்; வரிசை மாறாது.

வரிசையைப் பற்றித்தான் முதலில் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நான் போய்ப் பார்த்த கிடங்குகளில் பல, கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்திருந்தன. ஓரிடத்தில் புதிதாக வாங்கிய மின்சார மூன்று சக்கர வண்டி வாசலில் நின்றது. உள்ளே குளிர் அறைக்கு அந்த ஆண்டில் இரண்டாவது முறையாகக் கேஸ், அதாவது குளிர்பதன வாயு, நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வண்டி ஓராண்டு ஓடிச் சேமிக்கக்கூடியதைவிட அந்தக் கேஸ் வெளியே விட்டது அதிகம் என்பது அங்கிருந்த யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த 12 மாத மின்கட்டண ரசீதுகள், டீசல் மற்றும் பெட்ரோல் பில்கள், குளிர்பதன மெக்கானிக்கின் பில்கள், குளிர் அறையின் டேட்டா லாகர் (வெப்பநிலையைத் தானாகக் குறித்துவைக்கும் கருவி) பதிவுகள், காலாவதி மற்றும் சேதாரப் பதிவேடு ஆகிய ஐந்தும் வேண்டும். டீசல் பில்லில் வண்டிக்குப் போட்டது எவ்வளவு, ஜெனரேட்டருக்குக் கேனில் வாங்கியது எவ்வளவு என்பது பெரும்பாலும் பிரிக்கப்பட்டிருக்காது. பழையதைப் பிரிக்க முடியாவிட்டாலும் இன்றிலிருந்து தனித்தனியாக எழுதத் தொடங்குங்கள்.

மெக்கானிக்கின் பில்லில் ‘கேஸ் சார்ஜிங்’ என்று தொகை மட்டும் இருந்தால் அது கணக்குக்கு உதவாது. எந்தக் கேஸ், எத்தனை கிலோ என்பதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். இதைக் கேட்கும்போது சிலர் முகம் சுளிப்பார்கள், விடக் கூடாது.

குளிர் அறைக்கென்று தனியாக ஒரு சப்-மீட்டர் பொருத்துங்கள். அலுவலக ஏசி, விளக்கு, கணினி எல்லாம் ஒரே ரசீதில் கலந்து வருவதால், குளிர் அறையில் செய்த மாற்றம் பலன் தந்ததா என்பதை அந்த ரசீதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, மருந்தின் தரத்துக்குப் பொறுப்பான மருந்தாளுநரோ தகுதிபெற்ற நபரோ இந்த வேலையில் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். இனி வரும் எந்த மாற்றத்தையும் அவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகுதான் செய்ய வேண்டும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்ற எல்லையைத் தாண்டிக் கெட்டுப்போன ஒரு பெட்டி இன்சுலினைத் தயாரிக்கவும், இங்கே கொண்டுவரவும், எரித்து அழிக்கவும், மாற்றுப் பெட்டி வரவழைக்கவும் செலவாகும் கார்பன், நீங்கள் மிச்சப்படுத்திய சில யூனிட் மின்சாரத்தை எளிதில் விழுங்கிவிடும். நோயாளிக்கு நேரும் தீங்கு அந்தக் கணக்கில் சேராது.

2. அடிப்படைக் கணக்கைப் போடுதல்

கணக்குப் போடாமல் இறங்கினால் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே சரிசெய்வோம். வண்டியின் புகை கண்ணுக்குத் தெரியும். குழாய் இணைப்பில் கசியும் கேஸ் தெரியாது.

பெருக்கிக்கொள்ள வேண்டிய எண்கள் சில மட்டுமே. இந்திய மின்தொகுப்பிலிருந்து வரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஒரு லிட்டர் டீசலுக்கு 2.68 கிலோ, ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 2.3 கிலோ என்று கொள்ளலாம். குளிர்பதன வாயுக்களை, அதே அளவு வெப்பமூட்டும் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிக் கணக்கிட வேண்டும்: வெளியேறிய ஒவ்வொரு கிலோ ஆர்-404ஏ-க்கும் 3,922 கிலோ, ஆர்-22-க்கு 1,810 கிலோ, ஆர்-134ஏ-க்கு 1,430 கிலோ.

எடுத்துக்காட்டாக, ஒரு கிடங்கின் குளிர் அறை நாளொன்றுக்கு 40 யூனிட் இழுக்கிறது, வண்டி ஆண்டுக்கு 1,500 லிட்டரும் ஜெனரேட்டர் 300 லிட்டரும் டீசல் குடிக்கின்றன, கோடையில் 1.5 கிலோ ஆர்-404ஏ நிரப்பப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரத்தால் சுமார் 10.2 டன், வண்டியால் 4 டன், ஜெனரேட்டரால் 0.8 டன், கேஸால் 5.9 டன் என்று வரும். வண்டி ஓராண்டு ஓடியதைவிட, மெக்கானிக் ஒரு பிற்பகலில் ஊற்றிவிட்டுப் போன கேஸ் பெரிது. நிரப்பிய அளவுதான் கசிந்த அளவு, ஏனென்றால் மூடிய குழாய்க்குள் இருக்கும் கேஸ் தானாகத் தீர்ந்துபோவதில்லை.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. சப்-மீட்டர் சேஞ்ச்-ஓவர் சுவிட்சுக்கு (மின்வாரிய மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மாற்றும் சுவிட்ச்) பிறகு இருந்தால் ஜெனரேட்டர் தந்த யூனிட்டுகளும் அதில் பதிவாகும். அவற்றைக் கழிக்காமல் டீசலையும் சேர்த்தால் ஒன்றை இருமுறை எண்ணுகிறோம். வாடகை வண்டியிலும் பார்சல் சர்வீஸிலும் போகும் சரக்கைப் பூஜ்யமாகப் போடுவது இரண்டாவது தவறு. அந்த டீசலும் உங்கள் சரக்குக்காகத்தான் எரிகிறது. மே மாதத்தை டிசம்பருடன் ஒப்பிட்டு மகிழ்வது மூன்றாவது. எப்போதும் போன ஆண்டின் அதே மாதத்துடன்தான் ஒப்பிட வேண்டும்.

3. குளிர் அறையின் வெப்பநிலையை இடம் இடமாக அளத்தல்

எந்தத் திருகையும் தொடும் முன் செய்ய வேண்டியது இது. குளிர் அறையின் கதவோரம், மேல் அலமாரி, நான்கு மூலைகள், நடுப்பகுதி, குளிர்காற்று வீசும் விசிறிக்கு நேர் எதிரே என்று குறைந்தது ஒன்பது இடங்களிலாவது, அளவுத்திருத்தச் சான்று உள்ள டேட்டா லாகர்களை ஒரு வாரம் வைத்திருங்கள். ஏப்ரல், மே மாதங்களில், சரக்கு நிறைந்திருக்கும்போது செய்தால்தான் மோசமான நிலை தெரியும்.

பெரும்பாலும் கதவோரத்து மேல்தட்டு 8 டிகிரியைத் தொட்டுக்கொண்டும், விசிறிக்கு எதிரே உள்ள தட்டு 2 டிகிரிக்குக் கீழே போய்க்கொண்டும் இருக்கும். சுவரில் மாட்டிய ஒற்றைத் திரை இந்த இரண்டையும் காட்டாமல் ‘5’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

கோடை வந்ததும் ‘பாதுகாப்புக்காக’ தெர்மோஸ்டாட்டை 2 டிகிரிக்கு இறக்கிவைப்பது புதியவர்கள் மட்டுமல்ல, பழகியவர்களும் செய்யும் தவறு. இது மின்சாரத்தைக் கூட்டுவதோடு மருந்தையும் கெடுக்கிறது. இன்சுலின் உறைந்தால் பயன்படாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மைனஸ் 0.5 டிகிரி அளவிலேயே உறையக்கூடியது. டெட்டனஸ் தடுப்பூசியும் உறைவதைத் தாங்காது. 5 டிகிரியில் வைத்துவிட்டு, சூடான மூலையிலும் உறையும் மூலையிலும் சரக்கு அடுக்காமல் தரையில் கோடு போட்டு ஒதுக்குவதே சரியான வழி.

இதே வாரத்தில் குளிர் அறையில் இருக்கும் ஒவ்வொரு பொருளின் லேபிளையும் படித்துவிடுங்கள். ‘30 டிகிரிக்குக் கீழே வைக்கவும்’ என்று மட்டும் அச்சிட்ட சிரப்புகளும் மாத்திரைகளும் இடமில்லாத காரணத்தால் உள்ளே குடிபுகுந்திருக்கும். அவற்றை வெளியேற்றுவதால் மின்சாரம் பெரிதாகக் குறையாது. ஆனால் அவற்றை எடுக்க நாளெல்லாம் திறந்த கதவு இனித் திறக்காது. காற்றோட்டத்தை அடைத்த அட்டைப் பெட்டிகளும் விலகும்.

4. கேஸ் கசிவை நிறுத்துதல்

கணக்கில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் குறைவது இங்கேதான், ஆகவே மற்ற எல்லா மாற்றங்களுக்கும் முன்னால் வருகிறது. கசிவுள்ள இயந்திரம் கேஸ் குறையக் குறைய நீண்ட நேரம் ஓடி மின்சாரத்தையும் அதிகம் இழுப்பதால், இதைச் சரிசெய்யாமல் அடுத்த படிகளில் எடுக்கும் அளவுகள் எல்லாம் பிழையாகவே வரும்.

மெக்கானிக்கிடம் ‘கேஸ் பிடித்துவிடுங்கள்’ என்று சொல்வதை நிறுத்திவிட்டு, ‘கசிவைக் கண்டுபிடித்து அடையுங்கள், பிறகு நிரப்புங்கள்’ என்று சொல்ல வேண்டும். முதலில் மீதமிருக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் மீட்பு இயந்திரத்தின் உதவியால் உருளையில் பிடிக்க வேண்டும். பிறகு நைட்ரஜனை அழுத்தத்தோடு செலுத்தி, இணைப்புகளில் சோப்புக் கரைசல் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்து, ஃப்ளேர் நட்டுகளையும் வால்வு மூடிகளையும் அதிரும் குழாய்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அடைத்த பின் சில மணி நேரம் அழுத்தம் இறங்காமல் நிற்பதைப் பார்த்து, வாக்குவம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), உருளையைத் தராசில் வைத்து எடை பார்த்தே நிரப்ப வேண்டும். அரை நாள் வேலை இது. அரை மணியில் முடிந்துவிட்டது என்றால் நடந்தது வெறும் நிரப்புதல்தான். வேலை நடக்கும் நேரத்தில் மருந்தை எங்கே வைப்பது என்பதை முந்தைய நாளே முடிவுசெய்து, மாற்று ஃப்ரிட்ஜை ஓடவிட்டு 5 டிகிரிக்குக் கொண்டுவந்து வையுங்கள்.

இயந்திரம் பழையதாகி மாற்ற வேண்டியிருந்தால், ஆர்-290 எனப்படும் புரொப்பேனில் ஓடும் சிறிய ஒற்றைத் தொகுப்பு இயந்திரங்களைக் கேட்டுப் பாருங்கள். அதன் வெப்பமூட்டும் மதிப்பு (ஒரு கிலோ வாயு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்ற எண்) ஒற்றை இலக்கம்தான். ஆர்-404ஏ போன்ற வாயுக்களின் பயன்பாட்டை 2032 முதல் படிப்படியாகக் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டிருப்பதால், இன்று அவற்றை நம்பி வாங்கும் இயந்திரத்துக்கு அதன் ஆயுள் முடியும் முன்பே கேஸ் கிடைப்பது சிரமமாகலாம்.

ஒரு கடுமையான எச்சரிக்கை உண்டு. பழைய ஆர்-404ஏ இயந்திரத்தில் புரொப்பேனை ஊற்றி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். புரொப்பேன் எரியக்கூடியது, அதற்கென்று வடிவமைக்கப்படாத மின்தொடர்புகள் உள்ள இயந்திரத்தில் அது தீ விபத்துக்கான அழைப்பு. பழைய இயந்திரத்தையே வைத்துக்கொள்ள வேண்டுமானால், தயாரிப்பாளர் ஒப்புதலோடு ஆர்-449ஏ போன்ற, வெப்பமூட்டும் மதிப்பு சுமார் 1,400 ஆக உள்ள மாற்று வாயுவுக்குப் போகலாம்.

5. அறைக்குள் நுழையும் வெப்பத்தைக் குறைத்தல்

குளிர் அறை இழுக்கும் மின்சாரம், அதற்குள் நுழையும் வெப்பத்தை வெளியேற்றுவதற்கான கூலி. ஆகவே நுழையும் வழிகளை அடைக்க வேண்டும்.

கதவின் ரப்பரில் ஒரு தாளைச் செருகிக் கதவைச் சாத்துங்கள். தாளை இழுத்தால் எளிதாக வந்துவிடும் இடத்தில் ரப்பர் தேய்ந்திருக்கிறது. கதவின் உட்புறம் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைத் திரை, பெட்டி தூக்கும்போது முகத்தில் அடிக்கிறது என்று கயிறு கட்டி ஒதுக்கப்பட்டிருப்பதை நான் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். அதற்காகப் பையன்களைத் திட்டிப் பயனில்லை. கனமான, கீறல் விழுந்து மங்கிப்போன பட்டைகளை மாற்றி, எதிரே வருபவர் தெரியும் தெளிவான பட்டைகளைப் போட்டால் அவர்களே கயிறு கட்டுவதை விட்டுவிடுவார்கள்.

அடுத்தது கதவு திறக்கும் எண்ணிக்கை. ஒவ்வொரு பில்லுக்கும் ஒருமுறை உள்ளே போய் இரண்டு மருந்துக் குப்பி எடுத்துவருவதற்குப் பதிலாக, பில்களைச் சேர்த்து நாளுக்கு மூன்று நான்கு முறை மட்டும் மொத்தமாக எடுக்கும்படி நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். உடனடியாகத் தேவைப்படும் சில மருந்துகளுக்கு வெளியே ஒரு சிறிய மருந்து ஃப்ரிட்ஜ் போதும்.

வெளியே இருக்கும் கண்டென்சரை (அறையின் வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் பகுதி) மாதம் ஒருமுறை தூசி நீக்கிக் கழுவ வேண்டும். அது மேற்கு வெயில் படும் மொட்டைமாடியில் இருந்தால், காற்று தடைபடாத உயரத்தில் நிழல் கொடுங்கள். நெருக்கமாகத் தகரக் கொட்டகை போட்டு வெப்பக்காற்றை அதற்குள்ளேயே சுற்றவிடுவது வெயிலில் விடுவதைவிட மோசம். உள்ளே குழாயில் பனி படிந்து மூடியிருந்தால் டிஃப்ராஸ்ட் (பனியை உருக்கும்) நேரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

6. ஜெனரேட்டர்

மின்சாரம் போனதும் ஜெனரேட்டர் தானாக எழுந்து கிடங்கு முழுவதையும், அலுவலக ஏசி உட்பட, சுமப்பதுதான் வழக்கம். குளிர் அறை மூடியிருந்தால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதை ஒருமுறை அளந்துவிடுங்கள்: மருந்துக்குப் பதிலாகத் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கி, டேட்டா லாகர் வைத்து, மின்சாரத்தை நிறுத்தி, மிகச் சூடான இடம் 8 டிகிரியைத் தொட எத்தனை நிமிடம் ஆகிறது என்று கோடைப் பிற்பகலில் பாருங்கள். சரக்கு குறைவாக இருக்கும் நாளின் அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நிறைந்த அறை நீண்ட நேரம் குளிரைத் தாங்கும்.

கிடைத்த நேரத்தில் பாதிக்கு மேல் காத்திருக்க வேண்டாம். பத்து நிமிட மின்தடைகளுக்கு ஜெனரேட்டர் எழாமல் இருந்தாலே டீசல் கணிசமாகக் குறையும். ஏசியைத் தனி லைனாகப் பிரித்துவிட்டால் மேலும் குறையும்.

7. பெட்டி கட்டுதல்

குறைந்த அளவு குளிர்மருந்துக்குக் குளிரூட்டப்பட்ட வண்டி தேவையில்லை. பத்துப் பதினைந்து பெட்டிகளுக்காக வண்டியின் கூண்டு முழுவதையும் குளிர்விப்பதைவிட, நன்கு சோதிக்கப்பட்ட காப்புப் பெட்டிகளைச் சாதாரண வண்டியில் ஏற்றுவதே குறைந்த டீசலில் முடியும்.

புதியவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஃப்ரீசரிலிருந்து கல்லாக எடுத்த ஐஸ் பேக்கை நேராக மருந்தோடு சேர்த்து வைத்து, ‘நிறைய ஐஸ் போட்டிருக்கிறேன்’ என்று நிம்மதியடைகிறார்கள். மைனஸ் 20 டிகிரியிலிருந்து வந்த பேக் பக்கத்திலிருக்கும் மருந்தை உறைய வைத்துவிடும். தண்ணீர் நிரப்பிய பேக்குகளை மேசையில் பரப்பி, குலுக்கும்போது உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும் வரை காத்திருந்த பிறகே வைக்க வேண்டும். 5 டிகிரியில் உருகும்படி செய்யப்பட்ட பேக்குகளானால், தயாரிப்பாளர் கூறும் முறையில் பதப்படுத்த வேண்டும். எந்தப் பேக்கானாலும் மருந்துக்கும் அதற்கும் இடையே அட்டைத் தடுப்பு வேண்டும்.

உங்கள் மிக நீண்ட வழித்தடத்தின் நேரத்தோடு தாமதத்துக்கான சில மணி நேரத்தையும் சேர்த்து, அந்த நேரத்துக்கு எத்தனை பேக் போதும் என்பதை லாகர் வைத்துச் சோதித்து, படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். கோடைக்கு ஒரு படம், மழைக்காலத்துக்கு ஒரு படம் வேண்டும். தேவைக்கு மேல் பேக் உறைய வைக்காவிட்டால் இரண்டு ஃப்ரீசர்களில் ஒன்றை அணைத்துவிடலாம். பலர் எதிர்பார்க்காத சேமிப்பு இது.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் தெர்மோகோல் பெட்டிக்குப் பதிலாகக் கெட்டியான பெட்டிகளை வாங்கினால், அவை திரும்பி வருவதற்கான ஏற்பாட்டையும் செய்தாக வேண்டும். பில்லில் பெட்டி எண்ணை எழுதி, அடுத்த டெலிவரியில் காலிப் பெட்டியை வாங்கிய பிறகே புதியதை இறக்குங்கள். இந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் விலையுயர்ந்த பெட்டிகள் ஆறு மாதத்தில் கடைகளின் பரணில் தங்கிவிடுகின்றன.

8. வழித்தடமும் நேரமும்

ஒரே ஊருக்கு ஒரே நாளில் மூன்று முறை வண்டி போவதற்குக் காரணம் பெரும்பாலும் ‘அர்ஜென்ட்’ என்று வரும் தொலைபேசி அழைப்புகள். ஒரு மாத அழைப்புகளை எழுதிவைத்துப் பாருங்கள். எவை உண்மையில் நோயாளி காத்திருந்த தேவை, எவை கடைக்காரர் முந்தைய நாள் சொல்ல மறந்தவை என்பது தெரிந்துவிடும். முதல் வகைக்கு எப்போதும் வண்டி போக வேண்டும். அதில் கணக்குப் பார்க்கக் கூடாது. இரண்டாவது வகைக்கு, ‘மாலை 6 மணிக்குள் சொன்னால் காலை முதல் வண்டியில் வரும்’ என்ற நேரவரம்பை அறிவித்து, அதைத் தவறாமல் காப்பாற்றுங்கள். இரண்டு மாதத்தில் கடைகள் பழகிவிடும். நாம் ஒருமுறை தவறினாலும் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

குளிர்மருந்துகளை ஒவ்வொரு ஊருக்கும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில், அதிகாலையில், ஒரே சுற்றில் அனுப்புங்கள். வெயில் ஏறும் முன் முடிந்தால் பேக்கும் குறைவாகப் போதும். சாதாரண மருந்துகளை எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும் பார்சல் வண்டியில் சேர்த்து அனுப்பலாம். குளிர்மருந்தைப் பஸ் பார்சலில் போடுவதை மட்டும் நான் ஏற்பதில்லை: பஸ் நிலையத் தரையில் அது எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

திரும்பி வரும் சரக்கையும் இங்கேயே பாருங்கள். கடையிலிருந்து திரும்பிய குளிர்மருந்து எந்த வெப்பத்தில் இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லாததால் மறுவிற்பனைக்கு ஆகாது. போன பயணம், வந்த பயணம், அழிக்கும் பயணம் மூன்றும் வீண். ஆகவே முதலில் காலாவதியாவதை முதலில் அனுப்புவதும், மெதுவாக விற்கும் கடைக்குச் சிறிய அளவாக அனுப்புவதும் கார்பன் குறைக்கும் வேலைகளே.

9. வண்டியும் சோலாரும்

சுற்றுகள் குறைந்த பிறகுதான் எத்தனை வண்டி தேவை என்பது தெரியும். அதற்கு முன் மின்சார வண்டி வாங்கினால் தேவையற்ற பயணத்தையே மின்சாரத்தில் ஓட்டுவோம். நகருக்குள் டெலிவரி செய்யும் இருசக்கர வண்டிகளில் தொடங்குவது எளிது. 100 கிலோமீட்டருக்குச் சுமார் 3 யூனிட் இழுக்கும் மின்சார ஸ்கூட்டர், இன்றைய மின்தொகுப்பில் 2.1 கிலோ உமிழும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டர் 5.1 கிலோ உமிழும். மாவட்டம் தாண்டும் வழித்தடங்களில், சுமை ஏற்றி மே மாத வெயிலில் ஓட்டிப் பார்க்காமல் விளம்பரத்தில் உள்ள தூரத்தை நம்ப வேண்டாம்.

சோலார் இதற்கும் பிறகு. தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 4 யூனிட் தரும். 40 யூனிட் இழுக்கும் அறைக்கு 10 கிலோவாட் வேண்டும். முந்தைய படிகளால் அது 28 யூனிட்டாக இறங்கினால் 7 கிலோவாட் போதும். அவசரப்பட்டவர் மூன்று கிலோவாட்டுக்கான பணத்தைக் கசியும் கதவுக்காகக் கூரையில் பதித்தவராகிறார். குளிர் அறை பகலில்தான் அதிகம் உழைக்கிறது என்பதால் பேட்டரி இல்லாமலேயே பெரும்பகுதி பயன்படும். மின்தொகுப்போடு இணைந்த சோலார் மின்தடையின்போது தானும் அணைந்துவிடும் என்பதை மறந்து ஜெனரேட்டரை விற்றுவிடாதீர்கள்.

10. மாதப் பதிவேடு

ஒரே பக்கத்தில் ஐந்து எண்கள் போதும்: குளிர் அறை யூனிட், ஜெனரேட்டர் டீசல், வண்டி எரிபொருள், நிரப்பிய கேஸ் கிலோவில், கெட்டுத் திரும்பிய குளிர்மருந்தின் எண்ணிக்கை. பக்கத்தில் அந்த மாதம் அனுப்பிய பெட்டிகளின் எண்ணிக்கையை எழுதி வகுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வியாபாரம் படுத்த மாதத்தைச் சேமிப்பு என்று நினைத்துவிடுவோம்.

கெட்டுத் திரும்பிய எண்ணிக்கை ஒன்று கூடினாலும், மற்ற நான்கும் எவ்வளவு குறைந்திருந்தாலும், கடைசியாகச் செய்த மாற்றத்தை உடனே பழைய நிலைக்குக் கொண்டுவந்து காரணத்தைத் தேட வேண்டும். குளிர் அறை யூனிட் இரண்டு மாதம் தொடர்ந்து ஏறினால் முதலில் கேஸ் அழுத்தத்தையும், அடுத்துக் கதவு ரப்பரையும், பிறகு கண்டென்சரையும் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால், பட்டைத் திரையை யாரோ மறுபடியும் கயிறு கட்டி ஒதுக்கியிருக்கிறார்களா என்று ஒரு மதிய நேரத்தில் சொல்லாமல் போய்ப் பாருங்கள்.